அஞ்சலில் திரும்பி வரும் கையொப்பம்

தபால்தலை திரட்டுவோரையும் தீப்பெட்டிப் படம் சேர்ப்போரையும் நாம் அறிவோம். அமெரிக்க நாட்டில் வேறொரு பழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அங்கு மிகவும் போற்றப்படும் பேஸ்பால் ஆட்டத்தின் வீரர் படங்களைச் சிறு அட்டைகளில் அச்சிட்டு விற்கின்றனர். அவ்வட்டைகளை ஓய்வு பெற்ற வீரர்களுக்கு அஞ்சலில் அனுப்பிக் கையொப்பம் பெறுவதே அப்பழக்கமாகும்.

இவ்வட்டைகள் 19ஆம் நூற்றாண்டில் சிகரெட்டுப் பெட்டிகளுக்குள் வைக்கப்பட்டன. பின்னர் சூயிங்கம் பொட்டலங்களோடு சிறுவர் கைக்கு வந்து சேர்ந்தன. 1952இல் டாப்ஸ் நிறுவனம் 407 அட்டைகள் கொண்ட தொகுதியொன்றை வெளியிட்டது. அதிலுள்ள மிக்கி மேண்டல் என்பாரின் அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு விலை போயிற்று. அத்தொகுதியின் அட்டைகளில் வீரரின் கையெழுத்தும் அச்சிடப்பட்டிருந்தது. எனினும் அச்சிட்ட கையெழுத்து எல்லா அட்டைகளிலும் ஒன்றுபோலவே இருக்கும். நாம் கூற வந்தது, ஒரு மனிதர் தம் வீட்டு மேசையருகே அமர்ந்து, ஒரு சிறுவனுக்கென்றே மையினால் இடும் கையெழுத்தைப் பற்றியாகும்.

அதனைப் பெறுவதற்கு முதலில் கடிதம் எழுதவேண்டும். ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், கையினாலேயே எழுதுவது நன்று. "நீங்கள் பெரிய வீரர்" என்று மட்டும் எழுதினால் அஃது எவருக்கும் பொருந்தும். அவர் எந்த அணியில் ஆடினார், எந்த ஆட்டத்தில் என்ன செய்தார் என்று படித்தறிந்து எழுதுபவனுக்கே விடை கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. கடிதத்தோடு தன் முகவரியைத் தானே எழுதித் தபால்தலை ஒட்டிய உறையொன்றையும் வைக்கவேண்டும். முதியவர் ஒருவர் நமக்காகத் தபால்தலை வாங்கச் செல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. நம் நாட்டிலிருந்து எழுதுவோர் ஒன்றை மறக்கலாகாது. அங்கிருந்து திரும்பும் உறைக்கு நம் தபால்தலை செல்லாது. அமெரிக்கத் தபால்தலையே வேண்டும்.

அட்டை மடங்காதிருக்க இருபுறமும் கெட்டித்தாள் வைப்பர். வழவழப்பான புது அட்டைகளில் மை ஒட்டாமல் திரண்டு நிற்கும். குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைச் சிறிது தூவி மெல்லத் துடைத்தால் மை நன்கு பதியும். இரண்டு அட்டைகளை அனுப்பி, ஒன்றைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதுவோரும் உண்டு. தம் இளமைக்கால அட்டை தம்மிடமே இல்லாத வீரர்கள் இருக்கக்கூடுமல்லவா?

கையொப்பத்தைப் பெரிதாக மதித்தவர்களுள் ஹார்மன் கில்லப்ரூ ஒருவர். 573 ஹோம் ரன் அடித்த இவர் 2011இல் காலமானார். பெயரைக் கிறுக்கிவிட்டுச் செல்லும் இளைய வீரர்களை இவர் கடிந்துகொள்வாராம்; எழுத்து ஒவ்வொன்றும் படிக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்பாராம். எம் வகுப்புகளில் கையெழுத்துப் பயிற்சி ஏட்டைக் கண்டு முகஞ்சுளிப்போர் இவரை எண்ணிக்கொள்ளலாம்!

சில வீரர்கள் கையொப்பத்துக்குப் பணம் கேட்கின்றனர். அதனைப் பேராசை என்று உடனே பழித்தல் தகாது. 1980க்கு முன் ஆட்டத்தை விட்டவர்களுள் நான்காண்டுப் பணிக்காலம் நிறையாதோருக்கு முறையான ஓய்வூதியம் இல்லை. 2011இல்தான் அவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை வழங்க ஏற்பாடாயிற்று. உழைத்து ஓய்ந்தவரின் நிலையைத் தோட்டத்தில் வாழும் பெற்றோருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

பணம் புகுந்த இடத்தில் பொய்யும் புகுந்தது. 1990களில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ, போலிக் கையொப்பம் இட்டு விற்ற கூட்டத்தைப் பிடித்தது. அன்னை தெரேசாவின் கையொப்பம் இட்ட பேஸ்பால் பந்துகூட அப்போது அகப்பட்டது. வீரருக்கே எழுதி, அவரிடமிருந்தே பெறுகிறவனுக்கு அந்த ஐயம் குறைவு. அறவே இல்லை என்று கூற இயலாது. வீட்டார் இட்டுத் தருவதும் உண்டு.

அனுப்பிய நாளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக் காத்திருப்பர். சில கடிதங்கள் பத்து நாளில் வரும். சில ஆண்டுகள் கழித்து வரும். சில வாராமலே போகும். அட்டை கையொப்பமின்றித் திரும்பி, கணவர் காலமாகிவிட்டார் என்று துணைவியார் எழுதிய துண்டுத்தாள் உடன் வருவதும் உண்டு. விடை வரும் நாளில் அதனை அறிந்துகொள்ளச் சிறுவனுக்கு நேரமாகாது. அஞ்சற்பெட்டியைத் திறந்தால், அங்கே கிடக்கும் உறையின்மேல் இருப்பது அவனுடைய கையெழுத்தே.