லாரி ஆபீஸை விட்டு எம்.பி.ஏ.வா?

கேள்வி: பி.காம். முடித்து, லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் முழுநேர எம்.பி.ஏ. சேரலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: நீங்கள் சேர நினைப்பது பல்கலைக்கழகத்தின் கருப்பூர் வளாகத்துத் துறையிலா, இணைப்புக் கல்லூரியிலா? பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றுதான், படிப்பு ஒன்றல்ல. நாக் (NAAC) தர மதிப்பீடும் பல்கலைக்கழகம் முழுமைக்குமானது, எம்.பி.ஏ.வுக்கென்று தனியாகத் தந்ததல்ல.

வளாகத்துக்கே ஒருமுறை போய்வாருங்கள். நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். வேலைவாய்ப்பு பற்றிக் கேட்டால் சராசரிச் சம்பளம் சொல்வார்கள். பெங்களூரில் ஒருவர் பெரிய சம்பளம் வாங்கினாலே சராசரி எகிறிவிடும். பட்டியலில் நடுவில் இருப்பவர் வாங்குவதைக் கேளுங்கள். பழைய மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கைகளைப் புரட்டிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. சேகோசர்வ் ஜவ்வரிசி ஏலம், நாமக்கல் முட்டை விலை, திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிக் கடன் என்று நம்மூர்த் தொழிலை நேரில் போய்ப் படித்திருக்கிறார்களா, அல்லது தலைப்பை மட்டும் மாற்றிய ஜெராக்ஸா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் பெரிய சுமையல்ல. இரண்டு வருடச் சம்பளம் போகிறதே, அதுதான் உண்மையான செலவு. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான டான்செட் எழுதுவதற்கு வேலையை விட வேண்டியதில்லை. மதிப்பெண் வந்தபின் முதலாளியிடம் பேசிக்கொள்ளலாம்.