நாடுகடத்தலும் நீதிமன்றமும்: மூன்று நம்பிக்கைகள், மூன்று உண்மைகள்

நம்பிக்கை: அடைக்கலக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டாலும், வழக்குப் போட்டு அகதி உரிமையை வாங்கிவிடலாம்.

உண்மை: அகதி உரிமை வழங்குவது நீதிமன்றத்தின் வேலை அல்ல. நிராகரித்தவர்கள் சட்டப்படி நடந்தார்களா, சான்றுகளை முறையாக எடைபோட்டார்களா என்று மட்டுமே அது பார்க்கும். தவறு இருந்தால் மறுபடி விசாரிக்கச் சொல்லும். இந்தக் குறுகிய அதிகாரத்தின் மதிப்பை, 2019 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓர் இலங்கைத் தமிழரின் மேல்முறையீட்டில் காணலாம். காவலில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டார்கள் என்றார் அவர். கையிலும் முதுகிலும் தழும்புகள் இருந்தன. முதுகுத் தழும்புகளின் விளிம்பு பிசிறில்லாமல் இருந்ததை வைத்து, அவரே ஆள்வைத்துச் சூடு போட்டுக்கொண்டிருக்கலாம் என்று, அவர் கோரிக்கையை முன்பு விசாரித்த தீர்ப்பாயம் கருதியது. அடைக்கலத்துக்காக ஒருவர் தன் உடம்பை அப்படிச் சிதைத்துக்கொள்வது எவ்வளவு அரிது என்பதற்குத் தீர்ப்பாயம் உரிய மதிப்புத் தரவில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், வழக்கைப் புதிதாக விசாரிக்க அனுப்பியது.

நம்பிக்கை: இவ்வழக்குகள் காலங்கடத்தும் தந்திரம், முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு விசாரித்தால் போதும்.

உண்மை: பிரிட்டன் அதைச் செய்தே பார்த்தது. 1988 பிப்ரவரியில் 5 தமிழர்களை இலங்கைக்கு அனுப்பியது. நாட்டைவிட்டு வெளியேறிய பிறகே மேல்முறையீடு செய்யலாம் என்பது அன்றைய விதி. 1989இல் மேல்முறையீடு அவர்களுக்குச் சாதகமாக முடிந்து, பிரிட்டனுக்கே திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் கொடுமைக்கு உள்ளானதாக அவர்களில் சிலர் முறையிட்டனர். 1991இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டன்மீது தவறில்லை என்றதே எனக் கேட்கலாம். அனுப்பிய நேரத்தில் அரசுக்குத் தெரிந்ததையும் தெரிந்திருக்க வேண்டியதையும் வைத்தே அது தீர்ப்புச் சொன்னது. அந்த ஐவரும் அடைக்கலத்துக்கு உரியவர்களே என்ற முடிவு அதனால் மாறிவிடவில்லை. வீண் வழக்குகள் இருக்கலாம். அவற்றைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய முடியும். சித்திரவதைக்கு ஆளானபின் வரும் தீர்ப்பு யாரையும் காப்பாற்றாது.

நம்பிக்கை: இந்தியாவில் அகதிச் சட்டம் இல்லை, ஆகவே நீதிமன்றத்துக்கும் வேலை இல்லை.

உண்மை: முன்பாதி சரி, பின்பாதி தவறு. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டும் இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. ஆனால் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமன்றி இங்குள்ள ஒவ்வொருவருக்கும் உயிர்ப் பாதுகாப்பு தருகிறது. 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அதற்கு எல்லையும் உண்டு: வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் மிக விரிவானது என்று 1955லேயே தீர்ப்பு உள்ளது; 2021இல் ரோகிங்யா வழக்கில் உரிய நடைமுறையின்றி அனுப்பக் கூடாது என்றதோடு உச்ச நீதிமன்றம் நின்றுகொண்டது; 2025 மே மாதம், தண்டனை முடித்த இலங்கைத் தமிழர் ஒருவரின் நாடுகடத்தலில் தலையிடவும் மறுத்தது.

ஆம்பூரை அடுத்த மின்னூரில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025இல் மத்திய அரசு விலக்களித்தது. நல்ல செய்திதான், ஆனால் ஓர் ஆணை தந்ததை இன்னோர் ஆணை பறிக்கலாம். காரணத்தை எழுத்தில் தரவும், வழக்கு முடியும்வரை எவரையும் அனுப்பாதிருக்கவும் அரசைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும். சட்டப்படி நடந்தார்களா என்று நீதிமன்றம் கேட்கும் கேள்விக்கு அப்போதுதான் பலன் உண்டு.