பொறியியல் மாணவர்களுக்கு ஆய்வரங்கு எதற்கு?

பொறியியல் கல்லூரிகளில் 'செமினார்' என்பது இன்று பழகிப்போன சொல். கேரளத்தில் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பி.டெக். படிப்பில் அது மதிப்பெண் உள்ள ஒரு பாடம். ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? எங்கோ வெளிவந்த ஒரு கட்டுரையை எடுத்து, திரையில் படம் படமாகக் காட்டி, மளமளவென்று வாசித்து முடிக்கிறார்கள். "கேள்வி உண்டா?" என்றால் யாரும் வாய் திறப்பதில்லை. கைதட்டிக் கலைகிறார்கள். கேள்வி எழாத கூட்டத்தை ஆய்வரங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு நல்ல முன்மாதிரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. இன்றைய இடுக்கி மாவட்டத்தில், மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, நீரைக் கிழக்கே வைகைப் பள்ளத்தாக்குக்குத் திருப்பினார் ஜான் பென்னி குயிக். அணை 1895இல் திறக்கப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் கட்டியது. தொடக்கத்தில் செய்த வேலைகளை வெள்ளம் அடித்துச் சென்றது. இத்தனையும் முடித்தவர் அதோடு ஓய்ந்துவிடவில்லை. இப்பணி குறித்து அவர் எழுதிய கட்டுரை 1897இல் லண்டன் சிவில் எஞ்சினியர்கள் கழகத்தின் தொகுதியில் வந்தது. அக்கழகத்தின் வழக்கம் கவனிக்கத்தக்கது: கட்டுரையோடு, மற்ற எஞ்சினியர்கள் அதன்மேல் நடத்திய விவாதத்தையும் சேர்த்தே அச்சிடுவார்கள். அணையைக் கட்டிய மனிதரே கேள்விகளுக்கு முன் நிற்க வேண்டும்! (அணை குறித்து இரு மாநிலங்களுக்கும் உள்ள வழக்கு வேறு விஷயம், அதற்குள் நான் போகவில்லை.)

தலைப்புக்காக மாணவர்கள் தூரதேசம் போகவேண்டியதில்லை. கணவாய்க் காற்றை நம்பிக் கஞ்சிக்கோட்டில் 225 கிலோவாட் காற்றாலைகள் ஒன்பது நிறுவப்பட்டன. தேனி எல்லையில் ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் உண்டு. இரண்டு இடத்துக் காற்றையும் ஒப்பிட்டாலே ஒரு செமினார் ஆகும்.

ரயில்வேக்காரனான எனக்குப் பிடித்த தலைப்பு யானை. கஞ்சிக்கோடு - வாளையாறு இடையே தண்டவாளம் யானைகள் நடமாடும் காட்டை ஒட்டிப் போகிறது. பாதையோரம் பதித்த ஒளியிழைக் கேபிளில் லேசர் துடிப்பை அனுப்பி, திரும்பிவரும் ஒளியில் தெரியும் சிறு மாற்றத்தைக் கொண்டு நில அதிர்வைக் கண்டறியும் முறை இப்போது வந்திருக்கிறது. இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே 5 கிலோமீட்டர் தூரத்தில் யானை கால் வைத்தால் ஒளி போய்த் திரும்ப 50 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தை வைத்தே இடத்தைச் சொல்லிவிடலாம்.

மாணவர் இவ்வளவையும் அழகாகச் சொல்லிவிடுவார். அதன்பிறகுதான் அரங்கு தொடங்க வேண்டும். யானையின் காலடியையும் மாட்டின் காலடியையும் எப்படிப் பிரிப்பாய்? மழைக்காலத்தில் ஈரமண் அதிர்வை எப்படிக் கடத்தும்? எச்சரிக்கை ஓட்டுநரிடம் சேர எத்தனை விநாடி? மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில்கூட வண்டி ஒவ்வொரு விநாடியும் பன்னிரண்டரை மீட்டர் முன்னேறுகிறதே! இவற்றில் ஒன்றுக்குப் பதில் தெரியாமல் நின்றாலும், அதைத் தேடி அந்த மாணவர் வாளையாற்றுக்கே போவார்.

நம் பிள்ளைகளுக்கு இதில் தனியாக ஒரு சிரமம் உண்டு. கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கமும், மூணாறு, பீருமேடு தோட்டங்களிலும் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள், மேடையில் ஆங்கிலம் தடுக்கும் என்ற பயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். வேலைக்கான நேர்முகத் தேர்விலும் இதே பயம் அவர்களைப் பின்னால் தள்ளுகிறது. முதலில் தமிழில் விளக்கி, தமிழில் கேள்வி வாங்கிப் பழகினால் விஷயம் கைக்குள் வந்துவிடும். பிறகு ஆங்கிலத்தில் சொல்வது அத்தனை கடினமில்லை.

டிப்ளமோ படித்த எங்களுக்கு இந்த வாய்ப்பு இருந்ததில்லை. ஆகவே ஒரு யோசனை. கல்லூரியில் செமினார் வைப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள் நம் சங்கக் கூடத்துக்கு வரட்டும். ஒரு கரும்பலகையும் அரைமணி நேரமும் போதும். ரயில்வேயிலும் மின்வாரியத்திலும் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். கேள்வி கேட்க நாங்கள் வருகிறோம்.