எந்த நாற்காலிக்கு எந்த எம்பிஏ?

கேள்வி: எனக்கு வயது 30. பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது உற்பத்திப் பிரிவில் சீனியர் இன்ஜினீயர். கைக்கு வருவது மாதம் 52,000 ரூபாய். என்னோடு சேர்ந்த இருவர் அசிஸ்டென்ட் மேனேஜர் ஆகிவிட்டார்கள். போன அப்ரைசலில், "ஒரு எம்பிஏ இருந்தால் உங்களை மேலே கொண்டுபோக வசதியாக இருக்கும்" என்றார் மேலாளர். இன்னொரு சங்கடமும் உண்டு. மாதாந்திர ரிவ்யூவில் ஆலைத் தலைவர், "ஸ்கிராப் கூடியதில் எவ்வளவு பணம் போச்சு?" என்று கேட்டால், நான் ரிஜெக்‌ஷன் சதவீதத்தைச் சொல்லிவிட்டு பைனான்ஸ்காரர் முகத்தைப் பார்க்கிறேன். வீட்டுக் கடன் ஓடுகிறது, இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். கரஸ்ஸில் எம்பிஏ, வார இறுதி எக்சிகியூட்டிவ் எம்பிஏ, வேலையை விட்டுவிட்டு கேட் எழுதி ஐஐஎம் என்று மூன்று வழி தெரிகிறது. ஆன்லைன் படிப்பு விற்பவர்களும் தினமும் போன் செய்கிறார்கள். பிஜிடிஎம் எம்பிஏவுக்குச் சமமா என்பதும் புரியவில்லை. எதைப் பிடிப்பது?

— பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் பின்னிக் கிடக்கின்றன. பதவி உயர்வுக்கு ஒரு பட்டம் வேண்டும் என்கிறார் மேலாளர். கூட்டத்தில் பணக் கணக்கு பேச வரவில்லை என்கிறீர்கள் நீங்கள். முன்னதைத் தீர்க்கும் படிப்பு பின்னதைத் தொடாமலே போகலாம். அதனால் கல்லூரியைத் தேடுமுன், எந்த நாற்காலிக்குப் போக ஆசை, அதற்குக் குறுக்கே நிற்பது எது என்று பார்த்துவிடுங்கள்.

மேலாளர் சொன்னது கம்பெனி விதியா, அவருடைய சொந்த அபிப்பிராயமா? எச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள்: அடுத்த இரண்டு கிரேடுகளுக்கு முதுநிலைப் படிப்பு கட்டாயமா? கட்டாயம் என்றால் தொலைநிலை, ஆன்லைன், பகுதிநேரம் ஆகியவற்றில் எதையெல்லாம் ஏற்பார்கள்? கூடவே, அந்த நாற்காலிகளில் இப்போது இருப்பவர்கள் என்ன படித்தவர்கள் என்று விசாரியுங்கள். ஐந்து பேரில் நான்கு பேர் வெறும் பி.இ. என்றால், உங்களை நிறுத்தி வைத்திருப்பது வேறு ஏதோ. அது என்னவென்று மேலாளரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டால் பல லட்சம் மிச்சம்.

அடுத்து பெயர்க் குழப்பம். பட்டம் தரும் உரிமை, 1956-ம் ஆண்டு யுஜிசி சட்டப்படி, பல்கலைக்கழகங்களுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும்தான் உண்டு. தனித்து இயங்கும் மேலாண்மைக் கல்லூரிகள் ஏஐசிடிஇ ஒப்புதலோடு பிஜிடிஎம் என்ற டிப்ளமோவைத் தருகின்றன. ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐ, சென்னை லிபா எல்லாம் இந்த வகை. ஐஐஎம்களே 2017-ம் ஆண்டுச் சட்டம் வரும்வரை டிப்ளமோதான் கொடுத்துக்கொண்டிருந்தன. தனியார் வேலையில் இந்த வேறுபாட்டை யாரும் பார்ப்பதில்லை. கல்லூரியின் பெயரைத்தான் பார்க்கிறார்கள். பிஎச்.டி., கல்லூரி ஆசிரியர் பணி, அரசு வேலை என்று பின்னால் போகும் எண்ணம் இருந்தால் மட்டும், அந்த பிஜிடிஎம் எம்பிஏவுக்கு நிகரானது என்று இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கமான ஏஐயு அங்கீகரித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வரும் போன்களில் வேறொரு பொறி இருக்கிறது. பெரிய ஐஐஎம், ஐஐடி பெயரோடு ஆறு மாதம், பதினொரு மாதம் என்று ஆன்லைனில் விற்கப்படும் 'எக்சிகியூட்டிவ் புரோகிராம்'களில் பெரும்பாலானவை சான்றிதழ்ப் படிப்புகள். சில பாடங்களை நன்றாகவே நடத்துவார்கள். ஆனால் எச்ஆர் படிவத்தில் 'முதுநிலைப் பட்டம்' என்ற கட்டத்தை அவை நிரப்பாது. போன் செய்பவரிடம், "முடித்ததும் கையில் கிடைப்பது பட்டமா, டிப்ளமோவா, சான்றிதழா? எழுத்தில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். பாதிப் பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள்.

இனி மூன்று வழிகளையும் பார்ப்போம்.

கரஸ்: அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்குச் சமம் என்று யுஜிசி 2022-ல் தெளிவாக அறிவித்துவிட்டது. ஆனால் அந்த அறிவிப்புக்காகத் தனியார் கம்பெனி தன் விதியை மாற்ற வேண்டியதில்லை. 'முழுநேர எம்பிஏ' என்று அவர்கள் எழுதி வைத்திருந்தால் அதுதான் செல்லும். எச்ஆரிடம் மெயிலில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். இக்னோ எம்பிஏ முழுவதற்கும் கட்டணம் 60,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும். குறைந்தது இரண்டு ஆண்டு, இழுத்தால் நான்கு ஆண்டுவரை முடிக்கலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் போன்றவையும் உண்டு. எங்கே சேர்ந்தாலும், நீங்கள் சேரும் பருவத்துக்கு அந்தப் படிப்பு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடம் இருந்தது போதாது. சேருவதற்கு டெப் ஐடி என்ற எண்ணும் இப்போது கட்டாயம். அதை மாணவரே யுஜிசி தளத்தில் எடுக்க வேண்டும். 'எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்னும் ஏஜென்ட்டிடம் கவனமாக இருங்கள். கரஸ் பட்டம் கிரேடு தடையை நீக்கலாம். ரிவ்யூ அறையில் பேச்சு வரவைக்குமா என்பது முழுக்க உங்கள் சொந்த உழைப்பைப் பொறுத்தது. உங்களைக் கேள்வி கேட்டுக் குடைய அங்கே யாரும் இல்லை.

வார இறுதிப் படிப்பு: சென்னை ஐஐடி நடத்தும் எக்சிகியூட்டிவ் எம்பிஏ, திருச்சி ஐஐஎம் சென்னையில் நடத்தும் வகுப்புகள் எல்லாம் நல்ல பெயர் உள்ளவை. ஆனால் ஓசூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் வாரக் கடைசியில் போய்வருவது ஒரு பருவத்தோடு அலுத்துவிடும். உங்களுக்குக் கிட்டத்தில் பன்னேர்கட்டா சாலையில் பெங்களூரு ஐஐஎம் இருக்கிறது; வேலை பார்ப்பவர்களுக்கென்றே பிஜிபிஇஎம் என்ற இரண்டாண்டுப் படிப்பை நடத்துகிறது. நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு, கட்டணமும் கனமானது. இந்த வகுப்பறையின் பெரிய லாபம் பக்கத்து நாற்காலிக்காரர்தான். வங்கி, மென்பொருள், சில்லறை வணிகம் என்று பல துறையில் பத்து வருடம் ஊறியவர்கள் ஒரு கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பை எப்படிப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்ப்பீர்கள். பெரிய சிக்கல் சனிக்கிழமை. உங்கள் ஆலை ஆறு நாள் ஓடுகிறதென்றால், ஷிப்ட் விடுவிப்புக்கு எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சேராதீர்கள். மாதக் கடைசி டிஸ்பாட்ச் நெருக்கடியில் வாய்மொழி அனுமதி நிற்காது. கம்பெனியே கட்டணத்தில் பங்கு தருகிறேன் என்றால் பாண்டைப் படித்துப் பாருங்கள். படிப்பு முடிந்தபின் எத்தனை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் போனால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும்.

கடன் வாங்கிப் படிப்பதென்றால் ஒரு கணக்கு: 10 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஏழு ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 17,100 ரூபாய். உங்கள் கைச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் வீட்டுக் கடனும் இருக்கிறது. கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுவரை உச்சவரம்பில்லாத வரிக் கழிவு உண்டு, ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும்.

வேலையை விடுவது: பழைய ஐஐஎம்களில் இரண்டாண்டுப் படிப்புக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. நீங்கள் விடும் இரண்டாண்டுச் சம்பளம் 12.48 லட்சத்தையும் சேர்த்தால் செலவு 37 லட்சத்தைத் தாண்டும். 2024-ல் கேட் எழுதியவர்கள் ஏறத்தாழ 2.93 லட்சம் பேர். அதையும் தாண்டி உள்ளே போனால், வகுப்பில் பலர் உங்களைவிட ஐந்தாறு வயது இளையவர்கள். வேலைக்கு வரும் கம்பெனிகளில் பலவும் அந்த வயதுக்காரர்களைத்தான் தேடி வரும். உங்கள் அனுபவத்துக்குப் பொருந்துவது அகமதாபாத் ஐஐஎம்மின் பிஜிபிஎக்ஸ் போன்ற ஓராண்டுப் படிப்புகள். அவற்றுக்குக் கட்டணமே 30 லட்சத்துக்கு மேல். உற்பத்தித் துறையை விட்டே வெளியேறி கன்சல்டிங் போன்ற வேறு உலகத்துக்குப் போக வேண்டும் என்பவருக்கு இந்தச் செலவு நியாயம். அதே துறையில் இரண்டு படி ஏறுவதற்கு இது அதிகம்.

உங்கள் இரண்டாவது பிரச்சினைக்கு எம்பிஏவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பைனான்ஸ்காரரிடம் உட்கார்ந்து, உங்கள் லைனில் ஓடும் ஒரே ஒரு பாகத்தின் காஸ்ட் ஷீட்டைப் புரிந்துகொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, விலை 240 ரூபாய், மொத்தச் செலவு 220, லாபம் 20 என்று வையுங்கள். கடைசி ஆபரேஷனில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆகிறது. மூலப்பொருள் 130, அதுவரை ஆன மெஷினிங் 60, ஆக 190 போயிற்று. ஸ்கிராப் விற்று 25 வந்தாலும் நஷ்டம் 165. எட்டு நல்ல பீஸின் லாபத்தை அந்த ஒன்று தின்றுவிட்டது. அதே பீஸ் முதல் ஆபரேஷனிலேயே பிடிபட்டிருந்தால் மெஷினிங் செலவில் பெரும்பகுதி தப்பியிருக்கும். அடுத்த ரிவ்யூவில் சதவீதத்தோடு இந்தக் கணக்கையும், எந்த ஸ்டேஷனில் சோதனை வைக்கலாம் என்பதையும் சொல்லிப் பாருங்கள்.

என் முடிவு இது. விதி வெறும் பட்டத்தைக் கேட்கிறது, கரஸ்ஸையும் ஏற்கிறது என்றால், இக்னோ போன்ற குறைந்த கட்டணப் படிப்பில் சேருங்கள். மிச்சப் பணத்தை வீட்டுக் கடனில் கட்டுங்கள். ஆலைத் தலைவர் நாற்காலிதான் குறி, சனிக்கிழமைக்கும் கட்டணத்துக்கும் வழி இருக்கிறது என்றால் பெங்களூருவில் வார இறுதிப் படிப்பு. துறையே வேண்டாம் என்ற முடிவு இருந்தால் ஒழிய ராஜினாமா வேண்டாம். விதியே இல்லை என்று தெரியவந்தால், ஆறு மாதம் காஸ்ட் ஷீட்டோடு ரிவ்யூவுக்குப் போங்கள். அதன் பிறகும் நகர்த்தவில்லை என்றால் நீங்கள் மாற்ற வேண்டியது கம்பெனியை.

எச்ஆரின் பதில் மெயில் வரும்வரை எங்கும் முன்பணம் கட்டாதீர்கள்.