ஸ்கர்டு கோட்டையின் ஆறு மாதங்கள்

1947-48 காஷ்மீர்ப் போர் என்றதும் ஸ்ரீநகர் விமான நிலையமும் பூஞ்ச் நகரமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஸ்கர்டுவைப் பற்றி நம் பிள்ளைகளின் சரித்திரப் புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை. தோற்ற இடம் என்பதால் இருக்கலாம்.

இன்று பாகிஸ்தான் வசமுள்ள ஸ்கர்டு, சிந்து நதிக்கரையில் சுமார் 7,300 அடி உயரத்தில் இருக்கிறது. ஊருக்கு மேலே, நதியை ஒட்டிய செங்குத்தான பாறையில் நிற்பது கர்போச்சோ கோட்டை. 1840-ல் டோக்ரா தளபதி ஜோராவர் சிங் கைப்பற்றிய கோட்டை இது. கில்கிட்டிலிருந்து சிந்துப் பள்ளத்தாக்கு வழியே லே நகருக்குச் செல்லும் படை ஸ்கர்டுவைத் தாண்டித்தான் போகவேண்டும். கோட்டைக்கு மதிப்பே இதனால்தான்.

1947 நவம்பரில் கில்கிட் கைவிட்டுப் போயிற்று. லேயிலிருந்த காஷ்மீர் மன்னர் படையின் அதிகாரி ஷேர் ஜங் தாபா, ஒரு சிறு படையுடன் பனியில் நடந்து டிசம்பர் தொடக்கத்தில் ஸ்கர்டு சேர்ந்தார். 1948 பிப்ரவரி 11 அன்று முற்றுகை தொடங்கியது. சில நூறு வீரர்களும், அடைக்கலம் தேடி வந்த குடும்பங்களும் உள்ளே. உதவிக்குப் புறப்பட்ட படை வழியிலேயே மறைந்திருந்தோரால் தாக்கப்பட்டுத் திரும்பியது. விமானம் இறங்க இடமில்லை. டெம்பெஸ்ட் போர் விமானங்கள் உணவையும் தோட்டாவையும் உருளைகளில் போட்டன. அவற்றில் பல எதிரியின் பக்கமே விழுந்தன. எத்தனை வலிய பாறைக்கோட்டையானாலும் தோட்டா தீர்ந்தால் என்ன செய்ய முடியும்? ஆகஸ்ட் 14-ல் சரணடைய நேர்ந்தது. சரணடைந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர்.

ஆனால் அந்த ஆறு மாதங்களில் லடாக்கில் நடந்ததைப் பாருங்கள். லேயில் அவசரமாக ஓடுதளம் அமைக்கப்பட்டது. மே 24 அன்று மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு முதல் டகோட்டா விமானத்தை அங்கே இறக்கினார்; பின்னர் படைகளும் வந்தன. மே மாதம் கார்கில் வீழ்ந்தபோதும் எதிரியின் ஒரு பகுதி ஸ்கர்டுவைச் சுற்றியே கட்டுண்டு கிடந்தது. ஸ்கர்டு பிப்ரவரியிலேயே விழுந்திருந்தால் லே தப்பியிருக்குமா என்பது சந்தேகமே.

அதன்பின் நடந்ததில் நம்மவர்க்கும் பங்குண்டு. சுமார் 11,500 அடி உயர ஜோஜி லா கணவாய்க்கு டாங்கிகள் ஏறும்படி பாதை வெட்டியது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படை. நவம்பர் 1 அன்று டாங்கிகள் கணவாயைக் கடந்தன. அம்மாதமே கார்கில் மீட்கப்பட்டது. ஸ்கர்டு மட்டும் திரும்பவில்லை. சிறையிலிருந்து மீண்ட தாபா மகாவீர் சக்கரம் பெற்று, பின்னாளில் பிரிகேடியராக ஓய்வு பெற்றார்.