பொற்கிண்ணக் கொடி

மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் பெருமரங்களைப் பற்றி ஏறி வளரும் கொடி ஒன்று உண்டு. அதன் தாவரவியல் பெயர் சொலாண்ட்ரா மாக்சிமா. மலர் கிண்ணம் போன்றிருப்பதால், பொற்கிண்ணம் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ‘கப் ஆஃப் கோல்டு’ என்பர். அழகு கருதி இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் பூங்காக்களில் இதனை வளர்க்கின்றனர்.

லின்னேயசின் மாணவரும் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளருமான டேனியல் சொலாண்டர், 1768 முதல் 1771 வரை கேப்டன் குக்குடன் எண்டெவர் கப்பலில் உலகைச் சுற்றி வந்தவர். அவர் நினைவாகவே இப்பேரினம் பெயர் பெற்றது.

இதன் மலர் ஏறத்தாழ ஒரு சாண் நீளமுடையது. வெளிர்மஞ்சளாக விரிந்து பொன்னிறமாக முதிரும். உட்புறம் ஐந்து கருஞ்சிவப்புக் கோடுகள் ஓடும். இரவில் மணம் மிகும். அம்மணத்தை நாடி வரும் வௌவால்கள் மகரந்தச் சேர்க்கைக்கு உதவும்.

இக்கொடி கத்தரிக் குடும்பத்தைச் சார்ந்தது. நாம் நாள்தோறும் உண்ணும் தக்காளியும் மிளகாயும் இதன் உறவுகளே, ஊமத்தையும் உறவே. குணத்தில் இக்கொடி ஊமத்தையை ஒத்தது. அட்ரோபின், ஸ்கோபோலமைன் முதலிய நச்சுப்பொருள்கள் இதில் உள்ளன. உண்டவர்க்கு நா வறளும், கண்ணின் பாவை விரிந்து பார்வை மங்கும், நெஞ்சு படபடக்கும், அறிவு மயங்கும். உயிருக்கும் இடர் நேரலாம். கிண்ணம் போன்ற மலரைக் காணும் சிறு குழந்தை, அதில் நீர் ஊற்றிக் குடித்து விளையாட விரும்புதல் இயல்பு. ஆதலின் அறிந்தவர் முன்னரே எச்சரித்தல் வேண்டும்.

அதே அட்ரோபினைக் கண் மருத்துவர் பாவையை விரிக்கப் பயன்படுத்துகிறார். சிலவகைப் பூச்சிக்கொல்லிகளை உட்கொண்டு உயிருக்குப் போராடுவோரைக் காக்கும் மருந்தும் அதுவே. மருத்துவர் மில்லிகிராம் கணக்கில் அளந்து தருகிறார். கொடியின் இலையோ தன்னுள் உள்ள அளவைக் காட்டுவதில்லை. நஞ்சையும் மருந்தையும் வேறுபடுத்துவது அளவே.

கொடியைக் கத்தரிப்போர் கையுறை அணிதல் நன்று. சாறு பட்ட கையால் கண்ணைத் தொடலாகாது. எவரேனும் தின்றுவிட்டால், வீட்டில் வாந்தி எடுக்கச் செய்யாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கொடியின் சிறு கிளையையும் உடன் கொண்டு செல்வது மருத்துவர்க்கு உதவும்.

அருஞ்சொற்பொருள்

பாவை – கண்மணி
இடர் – துன்பம், ஆபத்து
ஆதலின் – ஆகையால்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: பொற்கிண்ணம், நச்சுப்பொருள்.
2. பேரினத்திற்கு இப்பெயர் அமைந்த காரணம் யாது?
3. ‘நஞ்சையும் மருந்தையும் வேறுபடுத்துவது அளவே’ – பாடத்தின்வழி விளக்குக.
4. பள்ளிப் பூங்காவில் இக்கொடி இருப்பின், அகற்றுவது தக்கதா, எச்சரிக்கைப் பலகை வைத்துக் காப்பது தக்கதா? காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.