துபாய்க்குக் கிளம்பும் முன் ஒரு செலவுக் கணக்கு

குன்னூர், கூடலூர் தேயிலைத் தோட்டங்களிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள், ஆஃபர் லெட்டர் வந்ததும் முதல் வேலையாகத் திர்ஹாமை ரூபாயாக்கிப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ஊரில் எதற்கெல்லாம் காசு கொடுக்காமல் வாழ்ந்தோம் என்று முதலில் எழுதிப் பாருங்கள்.

எஸ்டேட் லைன் வீட்டுக்கு வாடகை இல்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் காலத்திலிருந்தே குடியிருப்பும் மருத்துவமும் நிர்வாகத்தின் பொறுப்பு. அந்த வீடுகள் பல இடங்களில் மோசமாக இருப்பது உண்மை. ஆனாலும் சம்பளம் வந்ததும் வாடகையை எடுத்து வைக்கும் பழக்கம் நமக்கு இல்லை. அரிசி ரேஷனில் வருகிறது. பீன்ஸும் முட்டைக்கோஸும் வீட்டுக்குப் பின்னாலேயே விளைகின்றன. மின்விசிறியே இல்லாத வீட்டில் கரண்ட் பில் எவ்வளவு வந்துவிடும்? துபாயில் சம்பளத்தைத் தின்பவை இவையேதான்: கூரை, குளிர்ச்சி, தண்ணீர், சாப்பாடு.

வாடகையை அங்கே ஆண்டுக்கணக்கில் பேசுவார்கள். ஒன்று, இரண்டு, நான்கு என்று பின்தேதியிட்ட செக்குகளாகக் கேட்பார்கள். ஒரு சிறிய ஃப்ளாட்டுக்கு ஆண்டு வாடகை 40,000 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு செக் என்றால் முதல் செக் 10,000. டெபாசிட் பொதுவாக 5 சதவீதம், அதாவது 2,000. புரோக்கர் கமிஷனும் பெரும்பாலும் அதே அளவு. மின்சாரம், தண்ணீர் தரும் ‘டெவா’வுக்கு டெபாசிட் 2,000. முதல் சம்பளம் கைக்கு வரும் முன்பே 16,000 திர்ஹாம் போய்விடுகிறது. பிறகு மாதாமாதம் டெவா பில்லோடு சேர்ந்து வீட்டு வரி வரும்: ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து வாங்குவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏசியை அணைக்கவே முடியாது.

அதனால் புதிதாகப் போகிறவர்கள் கராமாவிலோ தேராவிலோ பெட் ஸ்பேஸில்தான், அதாவது பலர் பகிரும் அறையில் ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்துத்தான், தொடங்குகிறார்கள். அது நல்ல முடிவு. ஆனால் அறையை விடுகிறவர் பெயர் ‘இஜாரி’ என்ற வாடகை ஒப்பந்தப் பதிவில் இருக்கிறதா, கரண்ட், தண்ணீர், வைஃபை எல்லாம் வாடகைக்குள் அடக்கமா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். பலகை வைத்துத் தடுத்த அறைகள் வேண்டாம். நகராட்சி அகற்றச் சொன்னால் கொடுத்த முன்பணம் திரும்ப வராது.

மெட்ரோவுக்குப் பக்கத்தில் தங்குவது முக்கியம். மெட்ரோ கட்டணத்துக்கான நோல் கார்டில் ஒரே மண்டலத்துக்குள் போக 3 திர்ஹாம், இரண்டு மண்டலத்துக்கு மேல் தாண்டினால் 7.50. வேலை நாட்களில் போகவர இதைப் பெருக்கிப் பார்த்தால், தூரத்தில் இருக்கிற மலிவான கட்டில் மலிவாகவே இருக்காது.

ஆஃபர் லெட்டரில் மொத்தத் தொகையைவிட அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். ஓராண்டு முடித்தவர்களுக்கு, முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் கிராஜுவிட்டியாகச் சேரும். ஒரே 3,000 திர்ஹாம் சம்பளத்தில் அடிப்படை 1,200 என்றால் ஆண்டுக்கு 840; அதுவே 2,000 என்றால் 1,400. கையெழுத்துப் போடும் முன் தயங்காமல் பேசுங்கள். தங்குமிடம், போக்குவரத்து, ஆண்டு விடுமுறை டிக்கெட் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். குறைந்த சம்பளமானாலும் கம்பெனியே தங்குமிடம் தருகிற வேலையை நான் முதலில் எடுக்கச் சொல்வேன்.

வேலைக்கு ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்பது அமீரகச் சட்டம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டிக் கேட்கக்கூடாது. பதிவை இந்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். லட்சக்கணக்கில் வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனால் முதல் வருடச் சம்பளம் வட்டிக்கே சரியாகிவிடும்.

ஊரில் எதிர்பார்ப்பு இருக்கும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் உழைத்த குடும்பங்களுக்கு, ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை. சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று அவர்கள் ஏங்குவதில் நியாயம் இருக்கிறது. அதனாலேயே முதல் மூன்று மாதம் அதிகம் அனுப்ப முடியாது என்பதைக் கிளம்பும் முன்பே அம்மா அப்பாவிடம் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கு தொடங்கி அதில் சேமியுங்கள். அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. ஸ்வெட்டர் ஒன்றை மட்டும் பெட்டியில் வையுங்கள், ஆபீஸ் ஏசிக்குத் தேவைப்படும்.